காதுகளுக்குச் சொன்ன பொய்

எங்கள் தாழைக் கப்பலில் ஏறுகிறவர் எவராக இருந்தாலும் இரும்பைக் கரையில் விட்டுவிட வேண்டும். ஏறுபலகைக்குப் பக்கத்தில் ஒரு தேக்குப் பெட்டி இருக்கும். வீட்டுச் சாவி, கைக்கடிகாரம், பெல்ட் பக்கிள், சட்டைப்பையில் மறந்துபோன குண்டூசி எல்லாம் அதில் போய்விடும். எங்கள் கமாண்டர் உமையாள், தாலிச் சங்கிலியில் கோத்திருக்கும் ஊக்கை முதல் ஆளாகக் கழற்றிப் போடுவார். ஒருமுறை தலைமையகத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர், தன் ஷூவில் ஆணி இருப்பது தெரியாமல் வந்து, வெறுங்காலோடு கப்பலைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

தாழை, கடற்கண்ணி அகற்றும் கப்பல். உடம்பு முழுக்கக் கண்ணாடி இழை. என்ஜின் ரப்பர் மெத்தைமேல் உட்கார்ந்திருக்கும். நான் ஆவுடையப்பன், அந்த என்ஜினுக்குப் பொறுப்பான சீஃப், அம்பாசமுத்திரத்துக்காரன். மற்ற கப்பல்களில் என்னைப் போன்றவர்கள் என்ஜினை ஓட வைப்பார்கள். நான் இருபத்திரண்டு வருடமாக அதன் வாயைப் பொத்தி ஓட வைத்தேன். தாழை பக்கத்தில் வந்து நின்றால்கூட கொக்குக்குத் தெரியாது என்று துறைமுகத்தில் பேசிக்கொள்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு யாரும் தந்ததில்லை.

போர் முடிந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. கடலடியில் கிடக்கும் கண்ணிகளுக்கு மட்டும் அதை யாரும் சொல்லவில்லை. அவற்றைத் தூங்கச் சொல்லும் ரகசியச் சொற்கள் இருந்த கட்டடம் போரின் கடைசி வாரத்தில் தரைமட்டமானது. பழைய காலத்து, முள் முளைத்த இரும்பு உருண்டைகள் அல்ல இவை. ஆட்டுரல் அளவில், சேற்றில் பாதி புதைந்து, எந்நேரமும் கேட்டுக்கொண்டே இருப்பவை. அதனால் நாங்கள் அவற்றைக் காது என்றுதான் சொல்வோம். மேலே போவது என்ன கப்பல் என்று சத்தத்தையும் இரும்பையும் வைத்துக் கணிக்கும். பெரிய கப்பல் என்றால் வெடிக்கும். சிலவற்றுக்குக் காலும் உண்டு. சேற்றிலிருந்து கிளம்பி ஒரு கிலோமீட்டர் நீந்தி வந்து அடிக்கும். மீன்பிடி வள்ளம் என்றால் விட்டுவிடும். போருக்கு முன்னால் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட காகிதங்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

காதுகள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன என்று முதலில் கண்டுபிடித்தவள் டெல்பின். எங்கள் சோனார் அறையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பவள். இருபத்தெட்டு வயது, வேம்பாற்றுப் பெண். மற்றவர்களுக்கு இரைச்சலாகக் கேட்பது அவளுக்குத் தெருவில் நடக்கும் பேச்சு மாதிரி கேட்கும். தண்ணீருக்கடியில் நாக்கைச் சப்புக்கொட்டுவது போன்ற சின்னச் சின்ன ஒலிகள். ஒரு காது செத்தால், பக்கத்தில் உள்ளவை தாங்கள் கடைசியாகக் கேட்டதை ஒப்பிட்டுப் பார்த்து, சந்தேகப்படக் கற்றுக்கொள்ளும். எங்கள் சகோதரிக் கப்பலான நொச்சி பத்தொன்பது பேரோடு போனது அப்படித்தான். எவ்வளவு மௌனமாகப் போனாலும், மௌனத்தையே அவை அடையாளம் கண்டுகொண்டன.

அதற்குப் பிறகுதான் டெல்பின் அந்த யோசனையைச் சொன்னாள். வள்ளத்தைத்தான் காது விட்டுவிடுகிறதே, வள்ளத்துச் சத்தத்தைத் தண்ணீருக்கடியில் ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டே போனால் என்ன? அவளிடம் கைவசம் ஒரு சத்தமும் இருந்தது. அண்ணன் பெர்க்மான்ஸின் வள்ளம். ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜின், ஐந்து முறை அடித்தால் ஒரு அடி தப்பும். "இதக் கேட்டுத்தான் அண்ணாச்சி, அண்ணன் கரை பிடிக்க வர்றத நாங்க வீட்ல இருந்தே கண்டுபிடிப்போம்" என்று சிரித்தாள். லீவில் போனபோது கரையில் உட்கார்ந்து பதிவு செய்துவிட்டு வந்தாள். அண்ணனிடம் அவள் சொல்லவில்லை. சொன்னாயா என்று நானும் கேட்கவில்லை. அலைச்சத்தத்தை எடுத்துவிட்டு அந்தப் பதிவைத் துலக்கிக் கொடுத்தவன் நான்தான்.

பதினோரு மாதத்தில் நூற்றெண்பத்தேழு காதுகளை அகற்றினோம். வள்ளம் போலச் சத்தம் காட்டிக்கொண்டு நெருங்குவோம். நண்டு என்று நாங்கள் கூப்பிடும் சின்ன இயந்திரத்தை இறக்குவோம். அது நடந்து போய்க் காதின் மேல் வெடிமருந்தை ஒட்டிவிட்டு வரும். விலகி நின்று வெடிக்க வைப்போம். துறைமுகக் கால்வாயில் இன்னும் இருபத்தாறுதான் பாக்கி. எங்களுக்கு மாலை மரியாதை எல்லாம் நடந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அவற்றில் ஒன்று வெடித்து, கஸ்பார் என்பவரின் வள்ளம் சிதறியது. மூன்று பேர். வலையின் மிதவைகள் மட்டும் கரைக்கு வந்தன.

மறுநாள் டெல்பின் கமாண்டரையும் என்னையும் சோனார் அறைக்குக் கூப்பிட்டாள். முகம் வீங்கியிருந்தது.

"மேடம், இது நேத்து நம்ம சோனார்ல பதிஞ்சது. கஸ்பார் மாமா வள்ளம் வர்ற சத்தம். எங்க அண்ணன் என்ஜின் வாங்குன அதே பட்டறையிலதான் அவரும் வாங்குனாரு. இப்ப இதக் கேளுங்க."

ஸ்பீக்கரில் சப்புக்கொட்டும் ஒலி. ஒன்று, பிறகு தள்ளி இன்னொன்று, மறுபடி முதலாவது.

"ஒண்ணு கேக்குது, பக்கத்துல உள்ளது பதில் சொல்லுது. அதுக்கப்புறந்தான் வெடிக்குது. தெரியாம வெடிக்கல மேடம். யோசிச்சு வெடிச்சிருக்கு."

"வள்ளம்னா விட்டுரணுமே?" என்றார் கமாண்டர்.

"விட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நம்ம நூத்தி எம்பத்தேழு தடவ வள்ளத்துச் சத்தத்தோட போயி, அதுக்குப் பக்கத்துல இருந்தத அழிச்சிருக்கோம். ஒவ்வொரு தடவையும் சாவுக்கு முந்தி கேட்டது இந்தச் சத்தந்தான். அதுக என்னன்னு நெனைக்கும்?"

நான் பிடித்திருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.  கமாண்டர் உமையாள் காரைக்குடிக்காரர். கோபம் வந்தாலும் துக்கம் வந்தாலும் குரல் மாறாது, பேச்சு மட்டும் ஊர்ப்பேச்சாகிவிடும்.

"மூணு வாரம் ஆளுக கடலுக்குப் போகாம இருந்தா, இந்த இருவத்தஞ்சையும் முடிச்சிரலாம்ல?"

"இருவத்தஞ்சு மட்டும்னா சரி. தெக்க மணல்திட்டுப் பக்கம் முந்நூத்திப் பத்து கெடக்கு. அத எடுக்க ஆறு வருசம் ஆகும்னு நீங்கதான சொன்னீங்க. நாலு ஊர்க்காரங்க அங்கதான் வலை விடுதாங்க. எங்க அண்ணனும். பத்து நாளைக்கு ஒரு தடவ எல்லாக் காதும் படிச்சத ஒண்ணுக்கொண்ணு கைமாத்தும். இந்த இருவத்தஞ்சு சொன்னா அந்த முந்நூத்திப் பத்தும் நம்பும். அடுத்த கைமாத்து வியாழக்கிழம, பகல் பதினோரு மணி."

அன்று செவ்வாய்.

கமாண்டர் தலைமையகத்துக்கு எழுதினார். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. இது ஊகம், நிரூபணம் இல்லை, துறைமுகம் திறக்கும் தேதி மாறாது, மீதமுள்ள கண்ணிகளை விரைவாக அகற்றவும். கமாண்டர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்தார்.

"வெரசா முடிக்கச் சொல்லியிருக்காக. எந்தச் சத்தத்தோட முடிக்கணும்னு சொல்லல. டெல்பின், அதுக படிச்சத மறக்க வைக்க முடியுமா?"

"மறக்காது மேடம். ஆனா பழசவிடப் புதுசுக்குத்தான் மதிப்பு குடுக்கும். இனிமே சாவுக்கு முந்தி வேற சத்தம் கேக்கணும். பலமா, தப்பாம, ஒரே மாதிரி. எத்தன தடவ போதும்னு எனக்குத் தெரியாது."

"வேற சத்தம்னா?"

டெல்பின் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. 

"நம்ம சத்தம்" என்றேன். "தாழையோட சத்தம்."

"ரெண்டு நாள்ல எத்தன எடுக்கலாம் சீஃப்?"

"மெனக்கெட்டா நாலு. ஆனா மேடம், நம்ம சத்தத்த வெளிய விட்டா, கால் உள்ள காது ஒண்ணு போதும். நொச்சி மாதிரிப் போயிருவோம்."

"அது தெரியும். மூணு பேரு செத்தது எதுனாலன்னும் தெரியும். நீங்க என்ஜின அவுத்து விடுங்க."

அன்று மாலைக்குள் நான் இருபத்திரண்டு வருட வேலையைக் கெடுத்தேன். ரப்பர் மெத்தைகளை உருவினேன். போல்ட்டுகளைத் தளர்த்தினேன். என்ஜினுக்கும் கப்பல் அடித்தளத்துக்கும் நடுவே தகரத் தகடுகளைச் சொருகினேன். ஓட்டிப் பார்த்தபோது தாழை இருமிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கீழே எங்கோ ஒரு 'கிர்ர்' சத்தத்தோடு கத்தியது. இவ்வளவு நாளும் அந்தக் குரல் அதற்குள்ளேயே இருந்திருக்கிறது. எனக்குச் சங்கடமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

புதன் காலை, காதுகளுக்கு எங்கள் இரும்பும் தெரியட்டும் என்று, பழைய நங்கூரச் சங்கிலி மூன்று டன்னை மேல்தளத்தில் ஏற்றினோம். அப்புறம் கமாண்டர் ஒரு காரியம் செய்தார். அந்தத் தேக்குப் பெட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஏறுபலகை வழியாக உள்ளே வந்தார். ஊக்கை எடுத்துத் தாலிச் சங்கிலியில் மாட்டினார்.

"அவுகவுக இரும்ப எடுத்துக்கங்க."

மூன்று டன் சங்கிலிக்கு முன்னால் ஒரு பெட்டிச் சாவி எந்த மூலைக்கு? அவருக்கும் அது தெரியும். ஆனாலும் நாங்கள் வரிசையில் நின்று எடுத்தோம். இறங்க விரும்புகிறவர்கள் இறங்கலாம் என்றார். இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவனுக்கு மனைவி பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை இரண்டு காதுகள். வழக்கமாக இருநூறு மீட்டர் நெருங்குவோம். இப்பொழுது எண்ணூறு மீட்டரிலேயே நின்று, என்ஜினை முழுவதும் உறும விட்டு, நண்டை அனுப்பினோம். வெடித்த பிறகும் ஓடாமல் அங்கேயே கத்திக்கொண்டு நின்றோம். கொன்றது யார் என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும் அல்லவா?

வியாழன் காலை மூன்றாவதும் ஒழுங்காக முடிந்தது. நான்காவதற்கு நண்டு போய்க்கொண்டிருந்தது. மணி பத்து நாற்பது. பேச்சுக் குழாய் வழியாக டெல்பினின் குரல் என்ஜின் அறைக்கும் கேட்டது.

"மேடம், பக்கத்துக் காது ஒண்ணு கெளம்பிருச்சு. நீந்தி வருது."

"யாரப் பாத்து வருது? நண்டையா, நம்மளயா? நல்லாக் கேட்டுச் சொல்லு."

இரண்டு நொடி. எனக்கு அது இரண்டு வருடம்.

"நம்மளத்தான் மேடம். நேரா நம்மளத்தான்."

"அப்ப பாடம் ஏறியிருக்கு" என்றார் கமாண்டர். அந்த நேரத்தில் அவர் குரலில் சந்தோஷம் இருந்ததை நான் சத்தியம் செய்து சொல்வேன். "சீஃப், இப்ப ஓடலாம். என்னென்ன இருக்கோ அத்தனையும் குடுங்க."

கொடுத்தேன். மெத்தை இல்லாத என்ஜின் தளத்தோடு மோதி மோதி, என் பல்லெல்லாம் ஆடியது. காதுக்கு ஒரு கிலோமீட்டர் ஓடத்தான் சக்தி. எங்களுக்கு எண்ணூறு மீட்டர் முன்தூரம். ஆனால் அது எங்களைவிட மூன்று மடங்கு வேகம். டெல்பின் தூரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஐந்நூறு, முந்நூறு, நூற்றைம்பது. எழுபது என்று சொன்னவள் நிறுத்தினாள். அது மூச்சு வாங்கி நின்று அங்கேயே வெடித்தது. பின்புறம் தூக்கிப் போட்டது. கண்ணாடி இழை விரிசல் விட்டு முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. பம்ப்பைப் போட்டுவிட்டு, நனைந்த வேட்டிபோல் ஒட்டிக்கொண்டிருந்த கால்சட்டையோடு படியில் உட்கார்ந்தேன். உயிரோடு இருந்தோம்.

பதினோரு மணிக்குக் கடலடியில் அந்தச் சப்புக்கொட்டல் தொடங்கியது. நண்டு போய்ச் சேராத நான்காவதையும் சேர்த்து, மிச்சமிருந்த இருபத்தோரு காதுகளும் பேசின. தெற்கே மணல்திட்டு வரைக்கும் பதிலுக்குப் பதில் போய்க்கொண்டே இருந்தது. டெல்பின் ஹெட்போனைக் கழற்றினாள்.

"என்ன சொல்லுச்சு தாயி?"

"தெரியல அண்ணாச்சி. எதையோ சொல்லிருச்சு."

வள்ளச் சத்தமா, தாழைச் சத்தமா? அது எங்களுக்குத் தெரிய ஒரே வழிதான் இருந்தது. யாராவது ஒருவர் அந்தக் காதுகளுக்கு மேலே வள்ளத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

அன்று பிற்பகல் வேம்பாற்றுக் கரையில் மூவரும் போய் நின்றோம். செவ்வாயிலிருந்து நான்கு ஊர்க்காரர்களும் கடலுக்குப் போகவில்லை. பெர்க்மான்ஸ் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், தங்கையின் அதே மூக்கு. டெல்பின் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஏ பிள்ள, எஞ் சத்தத்த எடுக்கதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு ஒனக்குத் தோணலயா?"

"தோணல அண்ணே."

"கஸ்பார் வீட்டுக்குப் போனியா?"

"போனேன். உள்ள விடல."

"எப்படி விடுவாவ?" அவர் கமாண்டரைப் பார்த்தார். "இப்ப நான் போயிப் பாக்கணும், அதான?"

"போகச் சொல்லி வரலங்க" என்றார் கமாண்டர். "சொல்லிட்டுப் போக வந்தோம். இத மொதல்லயே செஞ்சிருக்கணும். எங்க தப்பு."

"நான் போகலன்னா நாலு ஊரும் இனிமே எப்படிப் போகும்? நாளக்கிக் காலையில போறேன்."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் தனியாக வள்ளத்தைத் தள்ளினார். டெல்பின் ஓடிப்போய் ஏறினாள்.

"எறங்கு."

"நான்தான சத்தத்தக் குடுத்தேன். நானும் வாறேன்."

அவர் தண்ணீர் இறைக்கும் வாளியை அவள் கையில் கொடுத்துவிட்டு என்ஜினைச் சுழற்றினார். ஐந்து அடிக்கு ஒரு அடி தப்பும் அந்தச் சத்தம் கரையிலிருந்து விலகியது. நான் பதினோரு மாதமாகத் தினமும் கேட்ட சத்தம். பொய்யாகக் கேட்டபோது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நிஜமாகக் கேட்டபோது மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

கரை முழுக்கப் பெண்கள் நின்றார்கள்.  கஸ்பாரின் மனைவியும் வந்து, எங்களை விட்டுத் தள்ளி, தனியாக நின்றார். கமாண்டர் தூரக்கண்ணாடியை இறக்கவே இல்லை. நாற்பத்தைந்து நிமிடம். வள்ளம் மணல்திட்டுக்கு மேல் நேராகப் போனது. நடுவில் நின்றது. வலையைக்கூட விட்டார் அந்த மனிதர். பிறகு திரும்பியது. தட், தட், தட், தட், ஒரு இடைவெளி, மறுபடி தட். அது கிட்ட வர வர நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

தாழையை அதன்பிறகு யாரும் கடலுக்கு அனுப்பவில்லை. அனுப்பவும் முடியாது. முந்நூற்று முப்பத்தோரு காதுகள் அதன் குரலை மனப்பாடம் செய்துவிட்டுக் காத்திருந்தன. கால்வாயில் மிச்சமிருந்த இருபத்தொன்றும் அப்படியே கிடந்தன. துறைமுகத் திறப்பு விழா தள்ளிப்போயிற்று. கமாண்டரைக் கரையில் ஒரு மேசைக்கு மாற்றினார்கள். மேசை இரும்பு மேசை என்று சொல்லிச் சிரித்தார். நான் விரிசல் விழுந்த கப்பலில் தினமும் போய் உட்கார்ந்து என்ஜினைத் துடைத்தேன். உடைப்பதற்கு ஆள் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் டெல்பினும் பெர்க்மான்ஸும் வந்தார்கள். டெல்பின் கையில் பதிவு இயந்திரம் இருந்தது. பெர்க்மான்ஸ் ஏறுபலகைக்கு முன்னால் நின்று, இடுப்பிலிருந்த வலை அறுக்கும் கத்தியை எடுத்துத் தேக்குப் பெட்டியில் போட்டார். இனி அது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை.

"அண்ணாச்சி, அதுக இப்ப ஒங்க கப்பல் சத்தத்துக்குத்தான் ஏங்கிக்கிட்டுக் கெடக்கு" என்றார் அவர். "ஒரு மிதவையில அந்தச் சத்தத்தப் போட்டு, ரெண்டு கிலோமீட்டருக்குக் கயிறு விட்டு, எங்க வள்ளத்துல இழுத்துட்டுப் போனா? வெடிக்கிறது மிதவதான். நாலு ஊர்லயும் கூடிப் பேசிட்டோம். பன்னெண்டு வள்ளம் வரும். கமாண்டரம்மா மேலிடத்துல எழுதி அனுமதி வாங்கித் தாறேன்னுட்டாவ."

"மறுபடியும் வள்ளத்தப் பாத்துச் சந்தேகப்படாதா?"

டெல்பின் இல்லை என்று தலையை ஆட்டினாள். "இதுல நம்ம அதுகள அழிக்கல அண்ணாச்சி. கப்பல அடிச்சிட்டோம்னு நெனச்சு அதுகளாப் போகும். பக்கத்துல உள்ளதுக்கு அது ஜெயிச்ச கணக்கு. அது எதுக்குப் பயப்படப் போகுது? ஆறு வருச வேலை ஒரு வருசத்துல முடிஞ்சிரும்."

நான் யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பெர்க்மான்ஸ் இன்னும் ஏறுபலகையிலேயே நின்றார்.

"உள்ள வாங்க, ஏன் நிக்கீய?"

"ஒரு விசயம் இருக்கு அண்ணாச்சி. சத்தம் ஒங்களோடது. எடுத்துக்கிடலாமா?"

சரி என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கீழே போய் என்ஜினைக் கிளப்பினேன்.